டெல்வின் தீவில் ஒதுங்கியவர்

வில்லியம்ஸ்டவுன்
20 அக்டோபர் 1940

அன்பு ஹேசல் அக்காவுக்கு,

பெரில் எழுதுகிறேன். நானும் சௌக்கியம், வயிற்றில் இருப்பதும் சௌக்கியம். நீ, அத்தான், உன் இரண்டு ஆடுகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுக்குப் பல்வலி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கலங்கரை விளக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷனுக்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக்கூட நேரமில்லையாக்கும். தீவில் வேறு ஆள் இல்லையென்றால் நீயே ஒரு நூலைக் கட்டி இழுத்துவிடு.

டாக்டர் என்னைப் படுக்கையோடு கட்டிப்போட்டுவிட்டார். "முன்னாடி ரெண்டு போனது போதும்மா. இந்தத் தடவை பிரசவம் வரைக்கும் எந்திரிச்சு நடமாடினீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். ஆகவே மகாராணி மாதிரி படுத்திருக்கிறேன். செட்ரிக் அண்ணன் மாவு மில்லிலிருந்து வருகிற வழியில் எட்டிப்பார்த்து, அடுப்பில் கரி போட்டுவிட்டுப் போகிறான். க்ளெம் டன்பரா கப்பலிலிருந்து வந்தால் அவர்தான் சமையல். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! "கப்பல்ல இருபது பேருக்கு ஒரு தடவ சமைக்கிறேன். இங்க ஒரு ஆளுக்கு இருபது தடவ சமைக்கிறேன். எனக்கு டன்பராவே தேவல" என்கிறார். சொல்லிக்கொண்டே முட்டையை உடைப்பார்.

நியூசிலாந்துப் பக்கம் ஜெர்மன்காரன் கடலுக்குள் கண்ணிவெடி போட்டுவிட்டுப் போனதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அவரிடம் சொன்னேன். "டாஸ்மேனியாலேருந்து மரமும் உருளைக்கிழங்கும் ஏத்திட்டு வர்ற கிழட்டுக் கப்பல். அத மூழ்கடிக்க எவன்டி வெடி செலவு பண்ணுவான்?" என்று சிரிக்கிறார். அடுத்த மாதம் உங்கள் தீவைத் தாண்டும்போது குழம்புச் சட்டியை வெளியே எடுத்துவந்து கரண்டியால் தட்டுவாராம். உனக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பைத்தியம்.

பதில் போடு. படகு வர நாளாகும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

உன் தங்கை,
பெரில்


டெல்வின் தீவு
12 நவம்பர் 1940

தம்பி செட்ரிக்குக்கு,

இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் மில்லுக்கு அனுப்புகிறேன். பெரில் கண்ணில் பட்டுவிடக் கூடாது. உட்கார்ந்து படி.

டன்பரா போய்விட்டது. எங்கள் கண் முன்னாலேயே போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நார்மன் விளக்கை ஏற்ற மேலே போயிருந்தார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கப்பல் மேற்கே வந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலிருந்து தண்ணீர் ஒரு கோபுரம் மாதிரி எழும்பியது, அப்புறம்தான் சத்தம் வந்தது. வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. கண்ணிவெடிதான், வேறென்ன. நான் துணியைப் போட்டுவிட்டு நார்மனைக் கூப்பிட்டேன். அவர் படியில் ஓடி இறங்கி வருவதற்குள் கப்பலின் பின்பக்கம் தண்ணீருக்குள் இருந்தது. இரண்டு படகுகள் இறங்கியதைப் பார்த்தோம். இருட்டிவிட்டது. மழையும் காற்றும் பிடித்துக்கொண்டது. எங்களிடம் கரைக்குச் சேதி சொல்ல இருப்பது சைகை விளக்கு ஒன்றுதான். அந்த மூட்டத்தில் அது யாருக்குத் தெரியும்?

படகில் ஏறியவர்கள் போர்ட் கார்வியில் கரை சேர்ந்தார்கள் என்று பிறகு சேதி வந்தது. மூன்று பேர் இல்லையாம்.

அதில் ஒருவர் க்ளெம். மறுநாள் காலையில் மேற்குப் பாறைச் சந்தில், ஒரு மரப்பலகையோடு தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நானும் நார்மனும் தூக்கி வந்தோம். உயிர் இல்லை. எண்ணெய்க் கிடங்குக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிற இடத்தில் புதைத்திருக்கிறோம். நார்மன் ஜெபம் சொன்னார்.

வானம் தெளிந்ததும் கரைக்குச் சைகை கொடுக்க வேண்டும். நார்மன் பெயரைச் சொல்லப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயர் சொன்னால் மறுநாளே தந்திப் பையன் சைக்கிளில் போய்ப் பெரில் வீட்டுக் கதவைத் தட்டுவான். அவள் எழுந்துபோய்த் திறப்பாள். அதோடு குழந்தையும் போகும், அவளும் போவாள். நார்மன் என்னை ஏதோ பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா இந்த வேலைல ஒரு பொய் சொன்னதில்ல ஹேசல்" என்றார். "என் தங்கச்சிக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்" என்றேன். விழுந்தேன். ஓர் ஆள் ஒதுங்கினார், பெயர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதிலிருந்து என்னோடு அவர் சரியாகப் பேசுவதில்லை.

குழந்தை பிறந்து, அவள் தெம்பானதும், பக்கத்தில் உட்கார்ந்து நீ சொல்லு. என்னால் முடியாது. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. உன் நெஞ்சுச் சளி குறைந்ததா? கவனித்துக்கொள்.

அக்கா,
ஹேசல்


வில்லியம்ஸ்டவுன்
14 நவம்பர் 1940

அக்கா,

நலம் எழுத ஒன்றுமில்லை. கம்பெனி ஆள் வந்து போனான். டன்பரா முழுகிவிட்டது, க்ளெமைக் காணவில்லை என்கிறான். "காணலன்னா என்னங்க அர்த்தம்?" என்றேன். "காணலன்னா காணலம்மா, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்கிறான். காணவில்லை என்றால் செத்துப்போனார் என்று அர்த்தமில்லையே? அப்படி இருந்தால் அப்படியே சொல்லியிருப்பார்களே?

பேப்பரில் கப்பல் பெயரைக்கூடப் போடவில்லை. யுத்த ரகசியமாம். என் புருஷன் என்ன ரகசியம்? உங்கள் தீவுக்குப் பக்கத்தில்தான் நடந்தது என்று மட்டும் துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். நீ ஏதாவது பார்த்தாயா? அத்தான் பார்த்தாரா? க்ளெமுக்கு நன்றாக நீந்தத் தெரியும். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் கல்யாணத்தன்று பந்தயம் கட்டி ஆற்றில் குதித்தவர்.

உடனே எழுது. பார்த்ததை எழுது.

பெரில்


டெல்வின் தீவு
2 டிசம்பர் 1940

என் கண்ணு பெரிலுக்கு,

நேற்றுத்தான் படகு வந்தது, உன் கடிதமும் வந்தது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் இருக்கிறதா? இருந்தால் தலையணை வைத்துக் காலைத் தூக்கிவைத்துக்கொள். பால் பிடிக்கவில்லையென்று குடிக்காமல் இருந்துவிடாதே, கொஞ்சம் கோகோ போட்டால் தெரியாது. செட்ரிக் சளி எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு மிசஸ் ட்ரம்பிள் வந்து துணி துவைத்துத் தருகிறாளா?

இங்கே நாங்கள் சௌக்கியம். ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஒரு வாரமாகத் தெற்குக் காற்று. நார்மனுக்குப் பல்வலி போய்விட்டது.

அன்றைக்கு வெடிச் சத்தம் கேட்டது. கப்பல் சாய்ந்ததைப் பார்த்தோம். படகுகள் இறங்கின. அப்புறம் இருட்டிவிட்டது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை, பெரில்.

நீ படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அக்கா,
ஹேசல்


போர்ட் கார்வி
9 டிசம்பர் 1940

அக்காவுக்கு,

முகவரியைப் பார்த்ததும் திட்டுவாய். திட்டு. பாஸஞ்சர் ரயிலில் போர்ட் கார்விக்கு வந்துவிட்டேன். பிழைத்து வந்தவர்களில் ஒருத்தன் கால் உடைந்து இங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் இரத்தம் பட்டது, நின்றுவிட்டது.

அந்தப் பையன் பெயர் டஸ்டி ரோச். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டான். நான்தான் தேற்றினேன். "அக்கா, க்ளெம் அண்ணன் படகுல ஏறிருக்கலாம். அடுப்படில ஒரு பையன் மாட்டிக்கிட்டான்னு திரும்பப் போனாரு. வெளிய வந்தப்ப படகு விலகிடுச்சு. ஒரு பலகையப் பிடிச்சுக்கிட்டு மிதந்தாரு. 'வெளக்கு தெரியுதுடா, அது என் பொண்டாட்டியோட அக்கா வீடு, நான் அங்கயே சாப்பிட்டுக்கறேன், நீங்க போங்கடா'ன்னு கத்தினாரு. நாங்க சிரிச்சோம்க்கா. அந்த நேரத்துலயும் சிரிச்சோம்" என்கிறான்.

உன் வீட்டை நோக்கித்தான் மிதந்திருக்கிறார், அக்கா! உன் விளக்கைப் பார்த்துக்கொண்டு! உங்கள் தீவைச் சுற்றிக் குகைகள் இருக்கின்றன, போன வருஷம் நீதான் எழுதினாய். மழைத்தண்ணீர் தேங்குகிற குழிகள் இருக்கின்றன. பறவை முட்டை இருக்கிறது. அடிபட்டு, எழுந்து வரமுடியாமல் ஏதாவது ஒரு பொந்தில் கிடக்கிறாரோ என்னவோ. அத்தானைத் தேடச் சொல். ஒரு பாறையையும் விடக் கூடாது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகச் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பெரில்


வில்லியம்ஸ்டவுன்
18 டிசம்பர் 1940

அன்புள்ள ஹேசல் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

செட்ரிக் எழுதுவது. சளி பரவாயில்லை. வேறெதுவும் பரவாயில்லை என்று எழுத முடியவில்லை.

அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாம் செய்தது தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறது, அக்கா. 'செத்துவிட்டார்' என்று அன்றைக்கே கேட்டிருந்தால் அழுது புரண்டு படுக்கையிலாவது கிடந்திருப்பாள். 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல் அவளைத் தெருத்தெருவாக அலைய வைக்கிறது. போர்ட் கார்விக்குப் போனாளே, தெரியுமா? திரும்பி வந்து கடற்படை ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து மாலை வரை நிற்கிறாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவளை அவர்களால் விரட்டவும் முடியவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிய நீ கொல்லப் போறியா?" என்று கத்தினார்.

நேற்றுச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். மேசையில் அவருக்கும் ஒரு தட்டு வைத்திருந்தாள். "அண்ணா, அவரு வந்தா முதல்ல என்ன கேப்பாருன்னு நெனைக்கற? குழந்தையவா, சோறா?" என்றாள். "சோறு" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் ஒரு கோழை, வேறென்ன சொல்ல.

பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். வருஷம் பிறந்ததும் முகாமுக்குப் போக வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைவிட ஜெர்மன்காரன் குண்டு மேல். பொய்யை ஆரம்பித்தது நீ. முடித்துவைப்பதும் நீதான்.

தம்பி,
செட்ரிக்


டெல்வின் தீவு
3 ஜனவரி 1941

என் தங்கம் பெரிலுக்கு,

புது வருஷம் உனக்கு நன்றாக இருக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது? இரத்தம் பட்டது என்று எழுதியிருந்தாயே, மறுபடி பட்டதா? டாக்டரிடம் சொன்னாயா? குழந்தை அசைகிறதா? எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை, பெரில். ரயிலேறிப் போக உனக்கு என்ன தலையெழுத்து?

தேடினோம். தீவை முழுக்கச் சுற்றினோம். குகைகளிலும் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

நார்மன் உன்னை மிகவும் விசாரித்தார். ஆட்டுக்குட்டி நன்றாகத் துள்ளுகிறது. குழந்தைக்கு ஒரு சால்வை பின்னியிருக்கிறேன், அடுத்த படகில் அனுப்புகிறேன். எழுந்திருக்காதே, கண்ணு. எழுந்திருக்காதே.

ஹேசல்


வில்லியம்ஸ்டவுன்
20 ஜனவரி 1941

அக்காவுக்கு,

உன் கடிதங்களை அடுக்கிவைத்துக்கொண்டு மறுபடி மறுபடி படிக்கிறேன். என் காலைக் கேட்கிறாய், பாலைக் கேட்கிறாய், அண்ணன் சளியைக் கேட்கிறாய், மிசஸ் ட்ரம்பிள் துணி துவைக்கிறாளா என்று கேட்கிறாய். 'க்ளெம் பற்றி ஏதாவது தெரிந்ததா?' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே, ஏன்? தெருவில் போகிற தபால்காரன் கேட்கிறான். மீன் விற்கிறவன் கேட்கிறான். என் கூடப் பிறந்தவள் கேட்கவில்லை.

'தேடினோம், ஒன்றும் இல்லை.' ஒரு வரி. எந்தக் குகை, எப்போது, யார் போனது, ஒன்றுமில்லை. ஆட்டுக்குட்டிக்கும் ஒரு வரி. என் புருஷனுக்கும் ஒரு வரி.

நீ எதையோ மறைக்கிறாய், அல்லது சரியாகத் தேடவில்லை. சரியாகத் தேடவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன், மற்றதை நினைக்க எனக்குத் தைரியமில்லை. பிப்ரவரிப் படகில் நானே வருகிறேன். படகுக்காரர் பெர்ட் கல்லிக்கு எழுதிவிட்டேன். உங்கள் பாறையில் இறங்குதுறை கிடையாது, பாரந்தூக்கியில் கூடை கட்டித்தான் ஆளைத் தூக்குவார்கள் என்று தெரியும். உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்குகிற கூடை என்னைத் தூக்காதா?

அண்ணன் முகாமுக்குப் போய்விட்டான். தடுக்க இங்கே ஆளில்லை. நீயும் தடுக்காதே.

பெரில்


டெல்வின் தீவு
31 ஜனவரி 1941

செட்ரிக்,

அவள் படகில் வருகிறாளாம். எட்டாம் மாதம். இந்தக் கூடையில் ஏறுகிறாளாம்! அலை ஒரு தடவை தூக்கி அடித்தால் கூடை பாறையில் மோதும். போன வருஷம் ஓர் ஆளுக்கு விலா எலும்பு உடைந்தது.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. சொல்லிவிடு. லீவு கேட்டுக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்லு. முகாம் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது, மில்லுக்கே அனுப்புகிறேன், அவர்கள் சேர்ப்பிப்பார்கள். அவளுக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நாலையும் அடுப்பில் போட்டேன். கீழே நிற்கிற படகில் இது மட்டும்தான் போகிறது, அடுத்து வருகிற படகே அவளைக் கொண்டுவருகிற படகுதான். அதற்குப் பிறகு நான் எழுதி என்ன? உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஹேசல்


பட்டாள முகாம்
19 பிப்ரவரி 1941

அக்கா,

உன் கடிதம் மில்லுக்குப் போய், வீட்டுக்குப் போய், இன்றைக்குத்தான் இங்கே வந்து என் கையில் கிடைத்தது. லீவு கேட்டேன். "தங்கச்சிக்குப் பிரசவமா? எங்க எல்லார் வீட்லயும்தான் பிரசவம்" என்று சார்ஜென்ட் சிரிக்கிறான். மிசஸ் ட்ரம்பிளுக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்பினேன். பெரில் போன திங்கட்கிழமையே ரயிலேறிவிட்டாளாம்.

கடவுளே, அக்கா. நாம் என்ன செய்துவைத்திருக்கிறோம்?

செட்ரிக்


போர்ட் கார்வி ஆஸ்பத்திரி
28 பிப்ரவரி 1941

ஹேசல்,

நீ என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். ஆனாலும் அங்கே கீழேயிருந்து எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

படகு பாறைக்குக் கீழே வந்தபோதே பெர்ட் தலையை ஆட்டினார். "இன்னிக்கு ஆள ஏத்த முடியாதும்மா. சாமான மட்டும் அனுப்பறேன். பொறுமையா இரு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அடுத்த மாதமாம். மாவு மூட்டையும் எண்ணெய்த் தகரமும் மேலே போயின. நீங்கள் இருவரும் பாறை விளிம்பில் நின்றீர்கள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். பெர்ட் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டார். கையைக் குவித்து, "க்ளெம் எங்க?" என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது. மறுபடி கத்தினேன். மறுபடியும் கத்தினேன். என் வாயைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது. நீ ஏப்ரனை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாய்.

அத்தான்தான் ஆம்பிளை. அந்த மழையில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அப்படியே நின்றார், நாங்கள் திரும்பிப் போகும்வரை.

அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிட்டேன். பெர்ட் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். வழியிலேயே வலி கண்டுவிட்டது. கரைக்கு வந்ததும் மீன் வண்டியில் போட்டு இங்கே கொண்டுவந்தார்கள். பையன் பிறந்தான். குறைமாதம். நர்ஸ் கணப்புப் பக்கத்தில் பஞ்சு சுற்றி ஒரு ஷூ பெட்டியில் வைத்திருக்கிறாள். நேற்றுவரை இருக்குமா போகுமா என்று கிடந்தான். இன்றைக்குக் கையை முறுக்கிக்கொண்டு கத்துகிறான். இருப்பான் என்கிறாள் நர்ஸ். அப்பா மாதிரியே பெரிய காது.

அண்ணன் எழுதிவிட்டான். நீ ஏன் மறைத்தாய் என்று தெரிந்துகொண்டேன். குழந்தைக்காகவாம். இதோ குழந்தை இருக்கிறது, நீ மறைத்ததால் இல்லை, மறைத்தும் இருக்கிறது. நவம்பரிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் வாசல் விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அவரை உயிரோடு வைத்திருந்தேன், நீ அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு எனக்கு ஆட்டுக்குட்டி கதை எழுதினாய். உன்னை மன்னிக்க எனக்கு இப்போது மனசு வரவில்லை. வருமா என்றும் தெரியாது.

ஆனால் அவரைக் கடைசியாகப் பார்த்தது நீதான். அதனால் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கிடந்தார்? கண் மூடியிருந்ததா? எங்கே அடிபட்டிருந்தது? யார் கழுவியது? எதைப் போர்த்திப் புதைத்தீர்கள்? ஒன்றையும் விடாதே. அழகாகவும் எழுதாதே. என் உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டாயானால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

பெரில்


டெல்வின் தீவு
10 மார்ச் 1941

பெரில்,

நீ சொன்னபடி நலம் கேட்கவில்லை.

அவர் ஒதுங்கியபோது உயிர் இருந்தது. இதை நான் செட்ரிக்கிடமும் சொல்லவில்லை. நார்மனுக்கு மட்டும் தெரியும்.

தூக்கிவந்து சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தோம். ஈரத் துணியைக் கத்தரித்து எடுத்தேன். வீட்டிலிருந்த கம்பளி எல்லாவற்றையும் போர்த்தினோம். வலது பக்க விலாவெல்லாம் கறுத்துப்போயிருந்தது. மூச்சு விட்டால் சத்தம் வந்தது. நார்மன் வெளியே மழையில் நின்றுகொண்டு சைகை விளக்கைப் போட்டுப் போட்டுக் கரையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தக் கடலில் டாக்டர் வந்திருக்க முடியாது. வந்திருக்க முடியுமோ என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் கண் திறந்தார். என்னைப் பார்த்து "பெரில்" என்றார். "ஹேசல்" என்றேன். அவர் முகம் பயந்துபோய்விட்டது. "பெரில் எங்க? பெரில் எங்க?" என்று கம்பளியை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். வாயில் இரத்தம் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. "இங்கதான் இருக்கேன்" என்றேன். அடங்கிவிட்டார்.

நம் இருவருக்கும் குரல் ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அப்புறம் அவர் பேசினார். உன்னிடம் பேச வேண்டியதையெல்லாம் என்னிடம் பேசினார். "ரொம்ப சில்லுன்னு இருந்துச்சுடி" என்றார். அடுப்படியில் மாட்டிக்கொண்ட பையனைப் பற்றி, "கைக்கு எட்டினான், நழுவிட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நீ ஏன் எந்திரிச்சு வந்த? டாக்டர் திட்டுவாரு, படு" என்று கோபித்துக்கொண்டார். கம்பளியைத் தூக்கிப் பிடித்தார். நான் பக்கத்தில் படுத்தேன். என் தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார், நீ எப்போதும் அப்படித்தான் படுப்பாய்போல. அது உன் இடம், பெரில். தெரிந்துதான் படுத்தேன். அதனால்தான் என்னால் உனக்கு எழுத முடியவில்லை. குழந்தைக்காக மறைத்தேன் என்பது பொய்யில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்லவும் முடியவில்லை, இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அவரோடு உனக்கிருந்த கடைசி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

நான்தான் கழுவினேன். என் கல்யாணப் போர்வையைப் போர்த்திப் புதைத்தோம். உன் கடிதம் வந்த அன்றே நார்மன் சிலுவையில் பெயரைச் செதுக்கிவிட்டார். கரைக்கும் சைகையில் பெயரைச் சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும் என்கிறார்.

ஒன்றையும் விடாதே என்று எழுதியிருக்கிறாய். இன்னும் ஒன்று இருக்கிறது. உனக்குப் பையன் என்று படித்ததிலிருந்து அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"பொறந்துடுச்சா?" என்று கேட்டார். நினைவு தப்பிக்கொண்டிருந்தது. "பொறந்துடுச்சு" என்றேன். "என்ன குழந்த?" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பொண்ணு" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "வாயாடியா இருக்கும், ஒன்ன மாதிரி" என்று சிரித்தார். "கொண்டுவாடி, பாக்கறேன்" என்று கையை நீட்டினார். நான் என்ன செய்வேன்? "தூங்கறா" என்றேன்.

"அப்படியா? தூங்கட்டும், எழுப்பாத" என்று சொல்லிக் கையை மடக்கிக்கொண்டார். எழுப்பக் கூடாதென்று அதற்குப் பிறகு அவர் சத்தமே போடவில்லை.

ஹேசல்